ஆறாம் நாள் எண்ணிக்கை

ஜனவரி 6

அன்புள்ள வாலுவுக்கு, அக்கா எழுதுவது.

இங்கே நானும் உன் அத்தானும் சௌக்கியம். பாப்பாவுக்கு மட்டும் சளி; நான்கு வயதில் அது இல்லாத நாள் ஏது? உன் சௌக்கியத்தை இனி நீயே எழுது. என் நாத்தனார் வாயால் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

அவளும் அவள் வீட்டுக்காரரும் உன்னிடம் பத்து நாள் இருந்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை வந்து இறங்கினார்கள். தங்கள் வீட்டுக்குக்கூடப் போகவில்லை. பெட்டியோடு நேராக இங்கேதான். செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டாள்: "ஒந் தங்கச்சி இருக்காளே, தங்கம்! எங்கள உள்ளங்கையில வச்சுத் தாங்கினா. சொல்றேனேன்னு தப்பா எடுத்துக்காத, ஒனக்கெல்லாம் அந்தக் குணம் வராது." ஏழு வருடமாக அவள் வரும்போதெல்லாம் அடுப்படியில் நின்று வேர்த்துக் கொட்டியவள் நான். பத்து நாள் பேருந்தில் ஏற்றி இறக்கியவள் நீ. குணம் உனக்குப் போய்விட்டது. இருக்கட்டும்.

முப்பத்தாறு போட்டோ. அதில் ஒன்பதில் நீ இருக்கிறாய், எண்ணிவிட்டேன். எண்ணுவதுதானே நம் பிழைப்பு. அந்தத் தீவில், கலங்கரை விளக்கத்துக்குக் கீழே காற்றில் தலைமுடி பறக்க நிற்கிறாயே, வாயெல்லாம் பல். என் கல்யாணத்தன்றுகூட நீ அப்படிச் சிரித்ததில்லை. உன் அத்தான் அந்தப் போட்டோவை எடுத்து அலமாரிக் கண்ணாடியில் செருகிவைத்திருக்கிறார். தலை வாரும்போதெல்லாம் உன் முகத்தில்தான் விழிக்கிறேன்.

விதைப் பரிசோதனை நிலையத்தில் உன் நாற்காலி அப்படியே கிடக்கிறது. அதில் இப்போது ஒரு கோப்புக் கட்டு உட்கார்ந்திருக்கிறது. எதிரும் புதிருமாக உட்கார்ந்து நாம் முளை எண்ணிய மேசையில் நான் மட்டும் குனிந்துகொண்டிருக்கிறேன். இடுக்கி பிடிக்க உனக்குச் சொல்லிக்கொடுத்தது இந்தக் கைதான். வெளிநாட்டுப் படிப்புக்கு இருவரும் மனுப் போட்டோம், இடம் ஒன்றுதான், குழு உன்னை எடுத்தது. என்னிடம் என்ன குறை கண்டார்களோ, இன்றுவரை தெரியாது. அதைப் பற்றி நான் நினைப்பதே இல்லை. பேனா அந்தப் பக்கம் போய்விட்டது, எழுதிவிட்டேன்.

எனக்கு வயிறு எரிகிறது என்று மட்டும் நினைத்துவிடாதே. கொஞ்சம் புகைகிறது, அவ்வளவுதான்.

குளிரில் காதை மூடிக்கொண்டு போ. 

உன் அக்கா


ஜனவரி 20

என் அக்காவுக்கு,

காய்ச்சல், தலைவலி எதுவும் இல்லாமல் இருக்கிறேன். பாப்பாவின் மூக்கைத் துடைத்து என் சார்பில் ஒரு முத்தம் கொடு. துடைத்த பிறகு.

உன் நாத்தனார் சொன்னதில் பாதியைக் கழித்துக்கொள். என் அறை பத்தடிக்குப் பன்னிரண்டடி. கட்டிலை அவர்களுக்குக் கொடுத்துவிட்டு எதிர் அறைப் பெண்ணின் தரையில் பத்து நாள் படுத்தேன். அவர் வீட்டுக்காரர் குளியலறைக்குள் போனால் முக்கால் மணி நேரம். பொது அறை, வெளியே ஐந்து பேர் துண்டும் தோளுமாக வரிசையில் நிற்கிறார்கள். கடைசியில் மாணவர் விடுதிக் கண்காணிப்பாளர் கதவில் ஒரு சீட்டு ஒட்டினார்: "ஒருவருக்குப் பத்து நிமிடம்." அதை நான்தான் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. "விடுதி ரொம்பச் சுத்தம்னு எழுதியிருக்காங்க" என்று சொல்லிவைத்தேன். அவருக்கு ஒரே பெருமை.

அந்தப் போட்டோச் சிரிப்பைப் பார்த்து ஏமாறாதே. உன் நாத்தனாரின் சால்வை பறந்து அவர் வீட்டுக்காரர் முகத்தை மூடியது, அவர் ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு "போட்டோ எடுக்காத!" என்று கத்தினார். அதற்குத்தான் அந்தப் பல்.

இப்போது வேலைக்கு வருகிறேன். உனக்கு எழுதினால்தான் எனக்கு மனசு நிற்கும், வேறு யாருக்கும் இது புரியாது. பதினொரு வருடம் பழைய வெங்காய விதை கிடைத்திருக்கிறது அக்கா. மொத்தம் எண்ணூறு. நானூறை டிசம்பரில் முளைக்கப்போட்டு முடித்தாயிற்று. மீதி நானூறை மார்ச் 3 அன்று ஈரத்தாளில் வைக்கிறேன். முதல் எண்ணிக்கை ஆறாம் நாள், 9ஆம் தேதி. கடைசி, பன்னிரண்டாம் நாள், 15ஆம் தேதி. உனக்கா சொல்ல வேண்டும்? பழைய விதை. ஆறாம் நாள் நல்ல நாற்றை எடுத்துவிட்டுச் செத்ததைக் களையாவிட்டால் பூஞ்சணம் ஏறித் தாள் முழுக்க நாசம். இரண்டு தொகுதியையும் ஒரே ஆள்தான் எண்ண வேண்டும் என்பது பேராசிரியரின் கண்டிப்பு. இது நடந்தால் ஜூலையில் படிப்பு முடிந்து ஊருக்கு வந்துவிடுவேன். கெட்டால் வேறு விதை இல்லை.

அதனால் ஒரே ஒரு வேண்டுகோள். மார்ச்சில் மட்டும் யாரையும் அனுப்பிவிடாதே. ஏப்ரலில் தெருவையே கூட்டிக்கொண்டு வரச் சொல், சமாளிக்கிறேன்.

அத்தானைக் கேட்டதாகச் சொல்.

உன் வாலு


பிப்ரவரி 4

அன்புள்ள வாலுவுக்கு,

இங்கே மூன்று பேரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். நீ ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா? போட்டோவில் கன்னம் ஒட்டியிருந்தது. அதுகூட உனக்கு நன்றாகத்தான் இருக்கிறது, எனக்கு ஒட்டினால் சீக்காளி மாதிரி ஆகிவிடும்.

உன் கடிதம் இன்றுதான் கைக்கு வந்தது. அதற்குள் மாமாவும் மாமியும் டிக்கெட் எடுத்துவிட்டார்கள். மார்ச் 7 அங்கே வந்து இறங்குகிறார்கள், எட்டு நாள். நான் என்ன செய்வேன் சொல். அம்மா போன பிறகு நமக்கென்று இருக்கிற பெரியவர் மாமா ஒருவர்தான். ஓய்வு பெற்ற நாளிலிருந்து "சாகுறதுக்குள்ள விமானத்துல ஒரு தடவ ஏறணும்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். வராதே என்று நீ வேண்டுமானால் எழுது. எனக்கு வாய் வராது.

அந்தத் தீவைக் காட்டிவிடு. போட்டோவைப் பார்த்ததிலிருந்து மாமாவுக்கு அதே நினைப்பு. நான்தான் காட்டினேன்.

போன வாரம் நம் அதிகாரி உன் கட்டுரை வந்த சஞ்சிகையை எடுத்துவந்தார். எல்லோரையும் கூப்பிட்டு நிற்கவைத்து, "அக்காவே படிக்கட்டும்" என்று என் கையில் கொடுத்தார். நான் படித்தேன். இரண்டு பக்கமும் படித்தேன். அதில் நாற்றின் வேர் நுனியைத் திருப்பிப் பார்த்து நல்லது கெட்டது பிரிக்கிற முறை என்று ஒரு பத்தி இருக்கிறதே, அது நான் உனக்கு இந்த மேசையில் காட்டிய முறை. எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். தட்டச்சுக்காரம்மா என் முதுகைத் தட்டி, "ஒங்களுக்கு எவ்வளவு பெருமையா இருக்கும்!" என்றார். ரொம்ப.

பாப்பா உன்னை "போட்டோ சித்தி" என்கிறாள்.

உன் அக்கா


பிப்ரவரி 16

என் அக்காவுக்கு,

நலமாக இருக்கிறேன், நீங்களும் இருக்க வேண்டும்.

மாமாவை வராதே என்று சொல்ல எனக்கு மட்டும் வாய் வருமா? வரட்டும். தேதியை மாற்றப் பார்த்தேன், முளைப்பு அறை முறைவைத்துக் கொடுக்கப்படுகிறது. இந்த முறையை விட்டால் ஜூன்தான். கணக்குப் போட்டுவிட்டேன். 7ஆம் தேதி இறங்குகிறார்கள். 8ஆம் தேதி காலைப் படகில் தீவு, மாலைப் படகில் திரும்பிவிடலாம்; அந்த வாரம் தீவுக்குப் படகு அன்று மட்டும்தான். 9ஆம் தேதி அவர்களை ஊருக்குள் சுற்றும் பேருந்தில் ஏற்றிவிட்டு நான் எண்ணப் போய்விடுவேன். பார்த்தாயா, யாருக்கும் குறை இல்லை.

வேர் நுனி முறை உன்னுடையதுதான். கட்டுரையின் கடைசியில் நன்றி என்று உன்னைப் போட்டிருந்தேன், சஞ்சிகைக்காரர்கள் இடமில்லையென்று வெட்டிவிட்டார்கள். நம்பு.

மாமிக்கு ஒரு கனமான சால்வை கொடுத்தனுப்பு. அந்தப் படகில் காற்று ஆளைத் தூக்கும்.

உன் வாலு


மார்ச் 14

அன்புள்ள வாலுவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அங்கே மாமாவும் மாமியும் எப்படி இருக்கிறார்கள்? உனக்கு ரொம்பத் தொல்லையா?

9ஆம் தேதி காலை பத்து மணிக்கு வேலை ஓடவில்லை எனக்கு. இந்நேரம் அவள் தாளைப் பிரித்திருப்பாள், முதல் நூறை முடித்திருப்பாள் என்று கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் தாளில் இருந்த தக்காளி நாற்றை இரண்டு தடவை தப்பாக எண்ணினேன். எட்டு வருடத்தில் இதுதான் முதல் தடவை.

எத்தனை நல்ல நாற்று வந்தது என்று மட்டும் ஒரு வரி எழுது. நூற்றுக்கு முப்பது தாண்டியிருந்தால் நீ அதிர்ஷ்டக்காரி. நீ எப்போதுமே அதுதானே.

உன் அக்கா


ஏப்ரல் 2

வாலு,

நல்லபடியாக இருக்கிறாயா? கடிதமே இல்லை. பாப்பாகூட, "போட்டோ சித்தி பேச மாட்டாங்களா?" என்கிறாள்.

மாமா வந்ததிலிருந்து வாயை மூடவில்லை. உட்கார்ந்தால் தீவு, எழுந்தால் தீவு. "ஏறினப்ப வெயிலு பளிச்சுன்னு இருந்துச்சும்மா. மத்தியானம் வந்துச்சு பாரு காத்து! படகே வராதுன்னுட்டான். எட்டாந்தேதி ராத்திரி, ஒம்பதாந்தேதி முழுக்க, பத்தாந்தேதி சாயங்காலம்தான் கரைக்கு வந்தோம். மாமிக்கு ஒரே வாந்தி. அந்தப் பொண்ணு மட்டும் படகுத் துறையிலயே நின்னுக்கிட்டிருந்தா. உள்ள வாம்மான்னா வரல. கடலையே பாத்துக்கிட்டு நின்னா." சொல்லிவிட்டு, "சின்ன வயசு, கடல்னா ஆசதான்" என்று சிரித்தார். கூட இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

நான் காப்பித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு விரலை மடக்கி எண்ணினேன். பத்தாம் தேதி மாலை என்றால் ஏழாம் நாளும் முடிந்துவிட்டது.

கரைக்குத் திரும்பியதும் தாளைப் பிரித்தாயா? எப்படி இருந்தது? பூஞ்சணம் ஓரத்தில் மட்டும் இருந்தால் காப்பாற்றியிருக்கலாமே. ஒரு வரி எழுது. திட்டியாவது எழுது.

அக்கா


ஏப்ரல் 10

அக்காவுக்கு,

நலம். வேலை அதிகம்.

எண்ணிக்கை பற்றிக் கேட்டிருந்தாய். நடக்கவில்லை. நான்கு தாளும் போய்விட்டன.

மாமியோடு நிறையப் பேசிக்கொண்டிருந்தேன். தீவில் வேறு என்ன வேலை. நம் வீட்டு விஷயமெல்லாம் சொன்னார்.

பாப்பாவை விசாரித்ததாகச் சொல்.

இப்படிக்கு


ஏப்ரல் 24

வாலுவுக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கக்கூட எனக்குக் கூசுகிறது. கேட்கிறேன். எப்படி இருக்கிறாய்?

உன் கடிதத்தில் கீழே கையெழுத்து இல்லை. "இப்படிக்கு" என்று எழுதிவிட்டு அப்படியே மடித்திருக்கிறாய். அவசரத்தில் விட்டுவிட்டாய் என்று இரண்டு நாள் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். மாமியையே கேட்டேன், உன்னிடம் என்ன சொன்னார் என்று தெரிந்துவிட்டது. அவருக்கு அதில் ஒளிக்க ஒன்றுமில்லை, பாவம். என் வாயாலேயே சொல்லிவிடுகிறேன்.

உன் ஜனவரிக் கடிதம் எனக்கு 30ஆம் தேதியே வந்துவிட்டது. பிப்ரவரி 2 அன்று மாமா இங்கே வந்தார். அப்போது டிக்கெட் எடுக்கவில்லை. "எப்ப போனா பொண்ணுக்குத் தோதுப்படும்? அவகிட்ட ஒரு வார்த்த கேட்டுரு" என்றார். உன் கடிதம் என் மடியில் இருந்தது. நாட்காட்டியைக் கழற்றி எடுத்துவந்து, 7ஆம் தேதியைப் பென்சிலால் சுழித்து, "இதான் மாமா நல்ல வாரம், அவளே எழுதியிருக்கா" என்றேன். மாமி பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

நம் வேலை தெரியாத ஒருத்தி செய்திருந்தால் தெரியாமல் செய்தாள் என்று விட்டுவிடலாம். ஆறாம் நாள் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். ஊரில் எத்தனையோ பேருக்குத் தங்கை மேல் பொறாமை இருக்கும், தேதி பார்த்து அடித்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

தொகுதி கெட வேண்டும் என்று நினைத்தேனா? சத்தியமாகத் தெரியவில்லை. நீ கொஞ்சம் திண்டாட வேண்டும் என்று நினைத்தேன். ஒரு நாளாவது பல்லைக் காட்டாமல் இருக்க வேண்டும். திரும்பி வருகிறவர்கள் யாராவது ஒருவர், "ஒந் தங்கச்சி சரியாவே கவனிக்கலம்மா, சிடுசிடுன்னு இருந்தா" என்று சொல்லிக் கேட்க வேண்டும். காற்று வரும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் தீவைச் சொல்லிக் கொடுத்ததும் நான்தானே.

நீ போன நாளிலிருந்து இப்படித்தான் இருக்கிறேன். அத்தானிடம்கூடச் சொல்லவில்லை. ஒவ்வொரு கடிதமும் வரும்போது முதலில் ஆசையாகப் பிரிப்பேன், பாதி படிக்கும்போதே புகைய ஆரம்பிக்கும். பேராசிரியர் பாராட்டினார் என்றால் புகையும். மழையில் நனைந்தாய் என்றால்கூட, அது எந்த ஊர் மழையோ என்று புகையும். நாத்தனாரை உன்னிடம் அனுப்பியதும் ஆசையில் இல்லை. உன் அறை சின்னது என்று வந்து சொல்வாள் என்ற நப்பாசைதான். தங்கம் என்று சொல்லிவிட்டாள்.

பொறாமைப்பட எனக்கு என்ன உரிமை என்று ஆயிரம் தடவை கேட்டுக்கொண்டேன். குழு உன்னை எடுத்தது, நீ தகுதியானவள், அவ்வளவுதானே? அது புத்திக்குத் தெரிகிறது, வயிற்றுக்குத் தெரிய மாட்டேன் என்கிறது.

நீ என்னைத் திட்டு. அல்லது எழுதாமலே இரு. ஆனால் அந்த "இப்படிக்கு"க்குக் கீழே ஒரு நாள் எதையாவது எழுதி அனுப்பு.

உன் அக்கா


மே 28

அக்கா,

எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. உனக்கும் அப்படியே இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன்.

ஒரு மாதம் பதில் போடாததற்குக் காரணம் நீ நினைப்பது இல்லை. முதல் பத்து நாள் அதுதான், ஒப்புக்கொள்கிறேன். படகுத் துறையில் மாமி என் பக்கத்தில், அங்கே கிடந்த மரப்பெட்டி மேல் உட்கார்ந்துகொண்டு, "ஒங்கக்காவுக்கு எவ்வளவு அக்கற! ஒன் லெட்டரக் கையில வச்சுக்கிட்டு நாள் பாத்துக் குடுத்தா" என்றார். அப்படியே கடலில் குதித்து நீந்திவிடலாமா என்றிருந்தது. பத்தாம் தேதி ஓடிப்போய்த் தாளைப் பிரித்தேன். சாம்பல் பூத்துக் கிடந்தது. எது நாற்று, எது அழுகல் என்று லென்ஸ் வைத்தும் தெரியவில்லை. ஒரு மணி நேரம் அழுதுவிட்டு, மாமாவுக்குப் பரிசுப் பொருள் வாங்கப் போனேன். உன் மேல் வந்த கோபத்துக்கு அளவே இல்லை. உனக்கு எட்டுப் பக்கம் எழுதினேன். ஒவ்வொரு பக்கமும் ஒரு அடி. அனுப்பவில்லை.

ஏன் அனுப்பவில்லை என்று சொல்லத்தான் இத்தனை நாள் ஆயிற்று.

தேர்வுக் குழு நேர்முகம். உன்னை முதலில் கூப்பிட்டார்கள், பிறகு என்னை. எல்லாக் கேள்வியும் முடிந்தது. நான் எழுந்துவிட்டேன். அப்போது நடுவில் இருந்தவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: "ஒங்க அக்காதான் எங்க பட்டியல்ல முதல்ல இருக்காங்க. கைவேலை தெரிஞ்சவங்க. ஒன்னு மட்டும் சொல்லுங்க, நீங்க வீட்டுல ஒருத்தர். குழந்தைய விட்டுட்டு ரெண்டு வருஷம் போய் இருப்பாங்களா?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "குழந்த ரொம்பச் சின்னது சார். அக்காவுக்கு மனசு வராது."

நீயும் அத்தானும் அதற்கு ஒரு மாதம் முன்பே பேசி முடித்துவிட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். அத்தான் பாப்பாவைக் குளிப்பாட்டப் பழகினார், நான் பக்கத்தில் நின்று சோப்புக் கொடுத்தேன். உனக்கு மனசு வந்துவிட்டது என்று தெரிந்தே சொன்னேன். பொய் என்று யாரும் சொல்ல முடியாத மாதிரி, பாசமாகக் குரலை வைத்துக்கொண்டு சொன்னேன். அவர் உன் பெயருக்கு நேரே ஒரு கோடு போட்டார். பார்த்தேன்.

ஏன் என்று கேட்பாய். நீ பொறாமை என்று எழுதியிருக்கிறாயே, அது உனக்கு வருவதற்கு முன்னாலிருந்தே எனக்கு இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் "அக்கா மாதிரி எழுது." வேலையில் "அக்கா மாதிரி எண்ணு." நல்ல கை, நல்ல புருஷன், நல்ல பிள்ளை, எல்லாம் உனக்கு வரிசையாக வந்தது. இது ஒன்றாவது எனக்கு வரட்டும் என்று நினைத்துவிட்டேன். ஒரே ஒரு வாக்கியம்தானே என்று நினைத்தேன்.

அதனால்தான் இங்கே யாரை அனுப்பினாலும் வேண்டாம் என்று சொன்னதில்லை. கட்டிலைக் கொடுத்தேன், தீவுக்குக் கூட்டிப்போனேன். உன் நாத்தனார் என்னைத் தங்கம் என்றதற்கு நான் குணவதி என்பது காரணமில்லை. பயந்தவள், அதுதான்.

உன்னிடம் குறை ஒன்றும் இல்லை அக்கா. அவர்கள் எதுவும் காணவில்லை.

ஒன்று சொல்லிவிட வேண்டும். பேராசிரியர் வேறொரு நிலையத்திலிருந்து பழைய விதை தருவித்திருக்கிறார். ஜூலைக்குள் முடியாது. ஆறு மாத நீட்டிப்பு கேட்டு நம் அலுவலகத்துக்கு எழுதியிருக்கிறேன். கிடைக்காவிட்டால் பட்டம் இல்லாமல் திரும்ப வேண்டியதுதான். அதிகாரி உன்னிடம்தான் கேட்பார் என்று எனக்குத் தெரியும். அதற்கு முன்னால் உனக்கு இது தெரிந்திருக்க வேண்டும் என்று எழுதுகிறேன். நீ என்ன சொன்னாலும் சரி.

இப்படிக்கு
உன் தங்கை


ஜூன் 12

தங்கைக்கு,

நாங்கள் மூவரும் இருக்கிறோம். பாப்பாவுக்கு ஒரு பல் ஆடுகிறது, விழுந்துவிட்டதில். நீ பதற வேண்டாம்.

உன் கடிதம் 8ஆம் தேதி அலுவலகத்துக்குக் கிளம்பும்போது வந்தது. வாசலில் நின்றபடியே படித்தேன். திரும்ப உள்ளே போய், அலமாரிக் கண்ணாடியிலிருந்து உன் போட்டோவை உருவி எறிந்தேன். உன் அத்தான் பயந்துவிட்டார். கடிதத்தை அவரிடம் நீட்டினேன். படித்துவிட்டு, "நான் அப்பவே தலைக்கு ஊத்தக்கூடப் பழகியிருந்தேனே" என்று மட்டும் சொன்னார். அந்த மனுஷன் அப்படிச் சொன்னதும்தான் எனக்கு அழுகை வந்தது.

இரண்டு வருடம். குழுவில் ஏதாவது தப்பாகப் பேசிவிட்டேனா, புடவை சரியில்லையா, பயந்தமாதிரித் தெரிந்தேனா என்று இரண்டு வருடமாக என்னையே பிரித்துப் பிரித்துப் பார்த்திருக்கிறேன். நீ அதைத் தெரிந்துகொண்டே ஒவ்வொரு கடிதத்திலும் பாப்பாவுக்கு முத்தம் அனுப்பியிருக்கிறாய்.

அன்றைக்கே அதிகாரி, எல்லோரும் இருக்கிற அறையிலேயே, தன் மேசைக்குக் கூப்பிட்டார். உன் கோப்பு அவர் முன்னால் திறந்து கிடந்தது. தேநீரை ஆற்றிக்கொண்டே கேட்டார்: "ஆறு மாசம் நீட்டிப்பு கேக்குறா. ஒங்க தங்கச்சிதானே, நீங்களே சொல்லுங்க. உண்மையிலேயே வேலையா, இல்ல அங்க சுத்திப் பாத்துக்கிட்டு இருக்காளா?"

நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். தீவுப் போட்டோக்கள் மாமா கொடுத்ததும் நாத்தனார் கொடுத்ததுமாக என் மேசை இழுப்பறையில் இருக்கின்றன. ஒன்றும் சொல்லத் தேவையில்லை, எடுத்துவந்து மேசையில் பரப்பினால் போதும். அல்லது உன் மாதிரி பாசமாக, "சின்னப் பொண்ணு சார், ஊரு சுத்த ஆச" என்றால் முடிந்தது. நுனி நாக்கில் வந்து நின்றது. உனக்கு இனித்த மாதிரியே எனக்கும் இனித்தது, அதை மறைக்கப்போவதில்லை.

"வேலைதான் சார்" என்றேன். "மார்ச்சுல தொகுதி கெட்டதுக்கு அவ காரணமில்ல. எண்ணுற வாரத்துல வீட்டு ஆளுங்கள அனுப்பினது நான். தேதி தெரிஞ்சே அனுப்பினேன். நீட்டிப்பு குடுங்க."

அவர் தேநீரைக் கீழே வைத்துவிட்டார். தட்டச்சுக்காரம்மா தட்டுவதை நிறுத்திவிட்டார். நான் எழுந்திருக்கவில்லை.

"அடுத்த வருஷம் இடம் வந்தா நான் மனுப் போடுறேன் சார்" என்றேன்.

அவர் நல்ல மனிதர்தான். இரக்கத்தோடுதான் சொன்னார்: "நீங்க எங்கம்மா... குழந்தைய விட்டுட்டுப் போக மாட்டீங்கன்னு அப்பவே குழுவுல சொன்னாங்களே."

"யாரு சொன்னாங்க சார்? என்னக் கேட்டீங்களா? என்னப் பத்தித் தெரியணும்னா என்னத்தான் கேக்கணும். இப்பக் கேளுங்க."

கேட்டார். அறையில் அத்தனை பேர் முன்னாலும், "போவீங்களா?" என்று கேட்டார்.

"போவேன்" என்றேன். என் குரல் அவ்வளவு சத்தமாக இருக்கும் என்று எனக்கே தெரியாது.

உனக்கு ஆறு மாதம் கிடைத்துவிட்டது, ஆணை தனியாக வரும். என்னிடமிருந்து கொஞ்ச நாள் கடிதம் வராது. உன் மேல் எனக்கு இப்போது பொறாமை இல்லை, அது எங்கே போனதென்றே தெரியவில்லை. சுத்தமான கோபம் மட்டும்தான் இருக்கிறது, அது ஆறட்டும். நீயும் என் மேல் இருக்கிற கோபத்தை அவசரப்பட்டு விட்டுவிடாதே. அந்த எட்டுப் பக்கத்தைக் கிழித்திருக்க மாட்டாய் என்று நினைக்கிறேன். அனுப்பு. ஒவ்வொரு அடியையும் வாங்கிக்கொள்கிறேன். அதற்குப் பதில் என்னிடம் பத்துப் பக்கம் இருக்கிறது.

நேரத்துக்குச் சாப்பிடு.

இப்படிக்கு என்று எழுதிவிட்டுக் கால் மணி நேரமாக உட்கார்ந்திருக்கிறேன். அதற்குக் கீழே பழையதைத் தவிர வேறு எதுவும் எழுத வரவில்லை.

உன் அக்கா